காரணம் கேட்டால் சொல்ல வெட்கமாயிருந்த இதய நோய்

எங்கள் குடும்பத்தில் இதயங்களுக்கெல்லாம் பொறுப்பாளர் நான்தான். யாரும் நியமிக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்ட பதவி. காலையில் கண் விழித்ததும், இதயத்தைப் பற்றி உலகத்தின் எந்த மூலையில் என்ன ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று கைப்பேசியில் தேடிப் பிடித்து, பல் துலக்குவதற்கு முன்பே குடும்பக் குழுவில் போட்டுவிடுவேன். கோப்பி நல்லது என்று ஒரு வாரம் போடுவேன். கோப்பி அளவோடு இருக்கட்டும் என்று மறுவாரம் போடுவேன். உப்பு, தூக்கம், படி ஏறுவது, ஈறு வீங்குவது எதையும் விட்டதில்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கை எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம் போடுவாள். ஒன்றையும் திறந்து பார்க்க மாட்டாள்.

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். அதிகம் பேசாதவர். காலையில் நான் வைக்கும் ஓட்ஸ் கஞ்சியைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டுக் கிளம்புவார். சாயங்காலம் அவர் சட்டைப் பையோரம் பருப்புக் குழம்புக் கறை இருக்கும். வழியில் ரொட்டி சானாய் கடையில் நிறுத்தி, எண்ணெய் சொட்டும் அந்தப் பரோட்டாவைச் சாப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அன்று இரவு கெட்ட கொழுப்பைப் பற்றி ஒரு கட்டுரையைச் சத்தமாகப் படிப்பேன்.

இப்படிப்பட்ட எனக்கு இதயத்தில் கோளாறு வந்தது. அதுவும் எங்கே? ஐந்நூறு பேர் பார்க்க, ஹோட்டல் மேடையில்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி விருந்து. எல்லோரும் காத்திருப்பது சாப்பாட்டுக்கு அல்ல, கடைசியில் வரும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு. சேர்ந்த நாளிலிருந்து எனக்கு எதுவும் விழுந்ததில்லை. ஆறுதல் பரிசாகத் தரும் துண்டுகூட விழுந்ததில்லை. பக்கத்து இருக்கையில் என் பிரிவுத் தோழி, ஒரு சீனப் பெண், முந்தின வருஷம் ஜெயித்த மின்விசிறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கேட்காததுபோல் இறாலை உரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பரிசு ஏர் ஃபிரையர் என்று அறிவித்தார்கள். எண்ணெய் இல்லாமல் பொரித்தெடுக்கும் அந்தப் பெட்டியின்மேல் எனக்குப் பல மாதமாக ஒரு கண். கடையில் பார்க்கும்போதெல்லாம் என் கணவர், "வீட்டுல அடுப்பு இருக்குதானே?" என்று கேட்டு என்னை நகர்த்திக்கொண்டு போய்விடுவார். மேடையில் சீட்டு எண்ணை மலாய் மொழியில் படித்தார்கள். என் எண்!

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த கிளாசை வைத்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, கணக்குப் பிரிவில் கண்டிப்பானவள் என்று பெயரெடுத்தவள், ஓடினாள். மேடைப் படியில் கால் வைத்தபோது நெஞ்சின் நடுவில் யாரோ ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் ஓர் அழுத்தம். இடது தோள்வரை இழுத்தது. மூச்சு வரவில்லை. அப்படியும் பெட்டியை வாங்கிக்கொண்டு, பொது மேலாளருக்குப் பக்கத்தில் நின்று, படத்துக்குச் சிரித்தேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பேயறைந்த முகத்தோடு ஒருத்தி பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பெண்களுக்கு நெஞ்சு வலி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று குடும்பக் குழுவில் எத்தனை முறை போட்டிருப்பேன்! எனக்கே வந்தபோது நான் கேட்டது ஒரு கிளாஸ் வெந்நீர். "காத்துதான். இறால் ஒத்துக்கல" என்றேன். தோழி என் முகத்தைப் பார்த்தாள். வெந்நீருக்குப் பதில் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

மருத்துவமனையில் இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு மாதிரி இருக்கிறது என்று மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இதய மருத்துவர் என் மகள் வயதுப் பெண், தமிழ்ப் பெண். திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, உங்க ரத்தக் குழாயெல்லாம் ரொம்ப க்ளீனா இருக்கு. அடைப்பே இல்ல."

அந்த நிலையிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தினமும் ஓட்ஸ் கஞ்சி, டாக்டர்" என்றேன்.

மறுநாள் எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு, என் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கினாள். இதயத்தின் கீழ்ப்பாகம் சுருங்காமல் பலூன் மாதிரி உப்பியிருக்கிறதாம். இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். உப்பின இதயம் அவர்கள் ஊரில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இருந்ததால் டக்கோட்சுபோ என்று அந்தப் பானையின் பெயரையே வைத்துவிட்டார்களாம்.

"சோத்தோங் புடிக்கிற பானையா?" என்றார் என் கணவர். சோத்தோங் என்றால் எங்களூரில் கணவாய். மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"கிட்டத்தட்ட அப்படித்தான், அங்கிள். மாதவிடாய் நின்ன பெண்களுக்குத்தான் அதிகமா வரும். பாக்க ஹார்ட் அட்டாக் மாதிரியே இருக்கும். ஆனா அடைப்பு இருக்காது. கவனமாப் பாத்துக்கிட்டா பெரும்பாலும் சில வாரத்துல பழைய வடிவத்துக்கு வந்துரும்." கொஞ்சம் தயங்கி, "உடைஞ்ச இதய நோய்னும் இதச் சொல்வாங்க. ஆன்ட்டி, சமீபத்துல ஏதாச்சும் பெரிய துக்கம், அதிர்ச்சி?" என்று கேட்டாள்.

என் கணவர் தரையைப் பார்த்தார்.

நான் தேடினேன். மனதின் எல்லா அறைகளையும் திறந்து தேடினேன். அம்மா போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்குக்கூட நான் வந்தவர்களுக்குக் கோப்பி போதுமா, நாற்காலி போதுமா என்று அலைந்துகொண்டிருந்தேன். நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை. மகள் கல்யாணமாகி மெல்பர்னில் நன்றாக இருக்கிறாள். கடன் இல்லை, வழக்கு இல்லை. டாக்டரிடம் மரியாதையாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு துக்கம்கூட என்னிடம் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றேன்.

அதற்குள் தங்கை குழுவில் போட்டுவிட்டாள்: "அக்காவுக்கு மனசு ஒடைஞ்சு ஹார்ட்டு வீங்கிருச்சாம்." இதயத்தைப் பற்றி அந்தக் குழுவில் வந்த செய்திகளிலேயே எல்லோரும் படித்த ஒரே செய்தி அதுதான்.

மத்தியானம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, தம்பியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"என்னாடா பண்ணுன அவள?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"ஒண்ணும் பண்ணாமயா ஹார்ட்டு ஒடையும்? டாக்டரே சொல்லுதுலா!"

நாத்தனார் போன பிறகு என் கணவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். போர்வை ஓரத்தைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார்.

"நான் ஏதாச்சும் பண்ணிட்டனா?" என்றார்.

"இல்லீங்க."

"ரொட்டி சானாய் சாப்புடுறேன். அது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ படிச்சுக் காட்டுறப்ப காதுல வாங்குறதில்ல. தலைய மட்டும் ஆட்டுவேன்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "போன தடவ கல்யாண நாள மறந்துட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. மனசுல வச்சிக்கிட்டியா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, நானும் அந்த நாளை மறந்திருந்தேன் என்று. அதைச் சொன்னேன். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பாத்திரம் கழுவும்போது தட்டைச் சத்தமாக வைப்பதுவரை தன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என்ன காரணம் சொல்வது? தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மறுநாள் காலை டாக்டர் என்னைப் பார்க்க வந்த நேரத்தில் தோழியும் வந்து சேர்ந்தாள், ஏர் ஃபிரையர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. வலி சரியாக எப்போது தொடங்கியது என்று டாக்டர் அவளிடம் விசாரித்தாள். தோழி மலாயில், கைகளை ஆட்டி, ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினாள். நான் கத்தியதை, சேலையைத் தூக்கியதை, ஓடியதை, மேடையில் நெஞ்சைப் பிடித்ததை. கடைசியில் பெட்டியைத் தட்டி, இதுதான் என்றாள்.

டாக்டர் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, துக்கத்துலதான் வரணும்னு இல்ல. திடீர்னு வர்ற பெரிய சந்தோஷத்துலயும் இது வரும். அபூர்வம்தான், ஆனா வரும். இப்ப அதப் பத்தியும் ஆராய்ச்சி செய்யறாங்க. மூளை உத்தரவு போட, உடம்பு ஒரேயடியா அட்ரினலின கொட்டுது. அது அழுகையில வந்துச்சா சிரிப்புல வந்துச்சான்னு இதயத்துக்குத் தெரியாது. ஏன் சிலருக்கு மட்டும் இப்படி ஆகுதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல."

என் கணவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"ஏர் ஃபிரையருக்கா?"

நான் தலையாட்டினேன்.

"நான் தாலி கட்டுனப்ப உனக்கு ஒண்ணும் ஆகலியே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மனிதர் கண்ணில் நீர் வழியச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். நானும் அடக்க முடியாமல் சிரிக்க, தலைமாட்டில் இருந்த கருவி கத்தத் தொடங்கியது. தாதி ஓடி வந்தாள். "ஆன்ட்டி, மெதுவா, மெதுவா" என்றாள் டாக்டர், தானும் சிரித்துக்கொண்டே.

உண்மையைச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். யாரும் நம்பத் தயாராக இல்லை. "அக்கா, ஏர் ஃபிரையர்னு வெளிய சொல்லாதலா, அசிங்கமா இருக்கு. வேற ஏதாச்சும் சொல்லு" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு, "உனக்கு இது ஆகாது" என்று அந்தப் பெட்டியையும் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுபோய்விட்டாள். கோயிலில் முகம் மட்டும் தெரிந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "எல்லாம் சரியாயிரும்மா, ஆம்பளைங்க அப்படித்தான்" என்றார். லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்குப் போனால், விற்பனை செய்யும் பெண் என் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பாவம், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றார்.

மாத்திரைகளைச் சாப்பிட்டு, சில வாரம் வீட்டில் இருந்து, மறுபடியும் எக்கோவுக்குப் போனேன். இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பியிருந்தது. "முன்னெல்லாம் இதோட முடிஞ்சுதுன்னு விட்டுருவாங்க. ஆனா சிலருக்குக் களைப்பும் சின்னச் சின்ன மாற்றமும் தங்கிருதுன்னு புது ஆய்வுகள் சொல்லுது. சிலருக்குத் திரும்பவும் வந்திருக்கு. அதனால விடாம வந்து காட்டுங்க" என்றாள் டாக்டர்.

திரும்பவும் வரலாம். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நான் சந்தோஷத்துக்குப் பயப்படத் தொடங்கினேன். துக்கத்தைத் தாங்கத் தெரிந்தவள்தானே நான், அதில் பயமில்லை. நல்லதுதான் ஆபத்து. பூப்பந்து ஆட்டத்தில் நம் ஆள் ஜெயிக்கப் போகிறான் என்றால் தொலைக்காட்சியை அணைத்தேன். வேலைக்குத் திரும்பியதும், சம்பள உயர்வுக் கடிதம் வந்தபோது தோழியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றேன். "எவ்வளவுன்னு சொல்லாதே, கூடியிருக்கா இல்லையான்னு மட்டும் சொல்" என்றேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கொஞ்சம்" என்றாள்.

என் வீட்டாரும் கற்றுக்கொண்டார்கள். நல்ல செய்தியையெல்லாம் துக்கச் செய்தி போலவே சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் கைப்பேசியோடு பால்கனிக்குப் போய் வெகுநேரம் பேசினார். உள்ளே வந்து, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பாப்பா பேசுச்சு" என்றார். மகளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்னாச்சு?"

"பெருசா ஒண்ணும் இல்ல. காலையில கொஞ்சம் வாந்தியாம்."

பதறிப்போனேன். "வாந்தியா? டாக்டர்ட்ட காட்டுச்சா?"

"காட்டுச்சாம். சாதாரணம்தான்னு சொன்னாங்களாம்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மடக்குக் குடிக்க வைத்தார். "புளிப்பா எதாச்சும் சாப்பிடணும்போல இருக்காம்."

எனக்குப் புரியத் தொடங்கியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நாடி பார்ப்பதுபோல. எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. விரலை வைத்த இடமே தவறு.

"அடுத்த வருஷம் ஆரம்பத்துலன்னு தேதி குடுத்திருக்காங்களாம்" என்றார், மின்சாரக் கட்டணம் எப்போது கட்டவேண்டும் என்று சொல்கிற குரலில்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆட்டுக்கல் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் மகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கைப்பேசியை என் காதில் வைத்தார்.

"அம்மா, சத்தம் போடாதம்மா. மெதுவா மூச்சு விடு. அப்பா பக்கத்துலதானே இருக்காரு?" என்றாள் அவள்.

சத்தம் போட்டேன். கீழ் வீட்டு நாய் குரைத்தது. அவள் அங்கே சிரித்தாள், நான் இங்கே அழுதேன், என்ன பேசினோம் என்று இருவருக்கும் நினைவில்லை. பேசி முடிக்கும்வரை அவர் என் மணிக்கட்டை விடவில்லை. கையில் கடிகாரமும் இல்லை. உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டே இருந்தது.