டேப்பின் மறுமுனை

வீடு வாங்குகிறவர்கள் முதலில் கூப்பிடுவது டேப்புக்காரரைத்தான். மனையை அளந்து, பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிடுவார். மறுமுனையைப் பிடிப்பது அவர் பெண்டாட்டி. டேப்பின் முனை நைந்துபோனதிலிருந்து அவள் முனையை விட்டுவிட்டு ஒரு அடிக் கோட்டைத்தான் சுவரில் வைத்துப் பிடிப்பாள். வந்த அளவில் இவர் ஒரு அடியைக் கழித்துக்கொள்வார். புது டேப்பு வந்த பிறகும் அவளுக்கு அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அளப்பது மகள் வாங்கப்போகும் வீடு. வாடகை வீடுகளுக்கு மூட்டை தூக்கியே அலுத்தவள். பார்த்த வீட்டையெல்லாம் அப்பா நொட்டை சொல்லித் தட்டிவிட்டார் என்று அவளுக்கு ஆற்றாமை. “இதுக்கும் வேட்டு வச்சிராதப்பா” என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

முன்னறையில் முனையைப் போட்டு, அதைத் தெருப்பக்கச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க மகளிடம் சொல்லிவிட்டு, நடை வழியே டேப்பை விட்டுக்கொண்டே கொல்லைக்குப் போனார். எல்லைக்கல் பக்கத்தில் குந்தினார். காலி வீடு. நடை இருட்டிக் கிடந்தது.

“புடிச்சியா?”

“ம்.”

டேப்பு விண்ணென்று நின்றது.

அளவைப் பார்த்தார், ஒரு அடி கழித்தார். பத்திரத்தோடு அச்சாகப் பொருந்தியது. எழுந்த பிறகுதான் உறைத்தது. மகள் முனையில்தானே பிடிப்பாள், எதற்குக் கழித்தோம்? கழிக்காவிட்டால் ஒரு அடி கூடுகிறது. கல்லைப் பக்கத்து மனைக்குள் தள்ளி நட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் இந்த வீடும் ஆகாது.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று புழுங்கிக்கொண்டே முன்பக்கம் வந்தார். டேப்பின் முனை தரையில் கிடந்தது. மகள் தெருவில் நின்று வீட்டை விற்கிறவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பிடிக்கச் சொன்னால் இங்கே என்ன பேச்சு என்று கடிந்தார்.

“நீ அந்தப் பக்கம் போனதுமே அவரு கூப்பிட்டாருப்பா. நான் இன்னும் டேப்பத் தொடவே இல்ல.”

அவர் அவளை உள்ளே கூட்டி வந்து, முனையைச் சுவரில் தானே வைத்துக் காட்டி, கொல்லைக்குப் போய் மறுபடி அளந்தார். எதையும் கழிக்கவில்லை. பத்திரத்தில் இருந்த அதே அளவு.

டேப்பைச் சுற்றிக்கொண்டே திரும்பி வந்தார்.

“என்னப்பா, மூஞ்சி வெளுத்துப்போச்சு. இதுவும் போச்சா?”

“கல்லு சரியாத்தான் நிக்குது. வாங்கிக்க.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விற்கிறவரிடம் சொல்ல வாசலுக்கு ஓடப்போனவளை நிறுத்தினார்.

“இந்த முன்ரூமு எனக்கு. கட்டில இந்தச் சுவரோரமாப் போடு.”