மயிலாப்பூரில் ஒரு பத்ரித் தடி

காலை ஏழரை. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதுமே ஜட்காக்காரர்கள் நாலு பேர் என் பெட்டியைப் பிடித்து இழுத்தார்கள். நால்வரில் ஒருவனையும் நான் நம்பவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ட்ராமில் இரண்டணா டிக்கெட்டில் நாலு மைல் தள்ளி மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தேன். கண்டக்டர் கொடுத்த சில்லறையைக் கடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

ஊட்டியிலிருந்து நான் கடற்கரையில் காற்று வாங்க வரவில்லை. போன மார்கழியில் என் தாயார் காலமானாள். கடைசியாக அவள் கேட்டது ஒன்றுதான்: தன் அஸ்தியை பத்ரியில், அலகநந்தா நதியில் விட வேண்டும். நான் சர்க்கார் மரக் கிடங்கில் குமாஸ்தா. இரண்டு மாத லீவு கேட்டால் சிரிப்பார்கள். சித்திரையில் பத்ரி யாத்திரை கிளம்பிய மயிலாப்பூர் சாஸ்திரிகள் ஒருவரிடம் அஸ்திச் செம்பைக் கொடுத்தனுப்பினேன். ஆவணியில் ஒரு கார்டு வந்தது. ‘காரியம் ஆயிற்று.’ அவ்வளவுதான். பிரசாதம் இல்லை, ஒரு சொட்டு தீர்த்தம் இல்லை. பிறகு காசி போய்த் திரும்பிய கோயமுத்தூர்க்காரர் ஒருவர், அதே சாஸ்திரிகள் ஹரித்வாரத்துச் சத்திரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்துக் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். மலை ஏறவே இல்லை, செம்பை வழியில் எங்கேயோ கவிழ்த்துவிட்டு வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது தோன்றியதுதான்; ஐப்பசி வரை தூக்கம் கெட்டது.

எட்டரை. சாஸ்திரிகளின் மனைவி ரேழிக் கதவைப் பாதி மூடியபடியே பேசினாள்.

“அவர் ஆத்துல இல்லே. காஞ்சீபுரம் போயிருக்கார்.”

“எப்போ வருவார், மாமி?”

“சொல்லிண்டு போகலே.”

கண்ணைப் பார்த்துப் பேசாதவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. தாகமாக இருக்கிறது என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். சுவாமி மாடத்தருகில் சந்தனம் குங்குமம் இட்டு ஒரு கைத்தடி சாத்தியிருந்தது.

“பத்ரியிலேர்ந்து கொண்டு வந்தது. பனிமலையிலே வெட்டின கட்டை” என்றாள் மாமி, இதை மட்டும் பெருமையாக.

அவள் தண்ணீர் எடுக்கப் போன சமயம் கிடங்கில் மரம் பார்க்கச் சட்டைப் பையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துத் தடியின் அடி வெட்டைப் பார்த்தேன். குளிர்தேசத்து மரம் சரியான கஞ்சன். வருஷத்தில் சில மாதங்களே வளரும். அதனால் ஆண்டு வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் ஏறுகிற குழாய்களையும் அது மிகச் சின்னதாக வைத்துக்கொள்ளும். குழாய் பெரிதாக இருந்தால், உள்ளே உறைந்த நீர் உருகும்போது காற்றுக் குமிழி நின்று வழியை அடைத்துவிடும். ஈரத்தில் நின்றுகொண்டே மரம் தாகத்தால் பட்டுப்போகும். எங்கள் மலையிலேயே உறைபனி தேங்குகிற பள்ளத்து மரத்தையும் மேட்டு மரத்தையும் வெட்டுவாயை வைத்து நான் பிரித்துச் சொல்லுவேன். இந்தத் தடியிலோ மொத்தம் நாலே வளையம், ஒவ்வொன்றும் நெல் அகலம். குழாய்த் துளைகள் கண்ணாடி இல்லாமலே தெரிந்தன. வெயிலில் கொழுத்த மரம்! பனியைக் கனவில்கூடக் கண்டிருக்காது. மாமி கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்தேன்.

ஒன்பதரை. குளத்தங்கரையில் ஒரு ஜட்காக்காரன் தானாகவே வாயைக் கொடுத்தான்.

“இன்னா சாமி, யாரைத் தேடிக்கினு கீறீங்க?”

சொன்னேன்.

“அந்த ஐயரா? காஞ்சீவரமாவது ஒண்ணாவது! தெனம் நம்ம வண்டிலதான் அடையாத்துக்குப் போய்க்கினு வந்துக்கினு கீறாரு. பஞ்சகச்சம் கட்டிக்கினு, கால்ல பூட்ஸு! மாம்பலத்துல தெனம் ஒரு புது வூட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடக்குது. வந்து கூப்டுறாங்க, போவமாட்டேன்றாரு. இன்னாமோ கீது சாமி.”

பத்தணா கேட்டவனை ஆறணாவுக்கு இறக்கி ஏறினேன். அடையாற்றுப் பாலம் தாண்டி மூன்று மைல். வழியெல்லாம், என்ன கேட்க வேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பத்தே கால். ஒரு தோட்ட பங்களாவின் பின்கட்டு. ஏட்டுச் சுவடிகளைப் பார்த்துக் காகிதத்தில் படி எடுத்துக்கொண்டிருந்தார் சாஸ்திரிகள். ஜட்காக்காரன் சொன்னபடி காலில் பூட்ஸ். என்னைக் கண்டதும் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“உங்காத்துத் தடியைப் பார்த்தேன், மாமா. அது பனிமலை மரமே இல்லை” என்றேன், உட்காராமலே.

“இல்லைதான்.”

பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு துள்ளியது.

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக் கழற்றினார். காலில் விரல்களே இல்லை.

“பனிமேல ரெண்டு நாள் நடந்தேன். துணி ஜோடு நனைஞ்சு போச்சு. முதல் நாள் வலிச்சது. மறுநாள் வலிக்கலே, நன்னாயிடுத்துன்னு நெனச்சுண்டேன். அலகநந்தாவில எறங்கி, உங்கம்மா பேரைச் சொல்லிச் செம்பைக் கவிழ்த்தேன். கரையேறிப் பார்த்தா விரலெல்லாம் கறுத்துக் கெடக்கு. கூடையில உட்கார வச்சு முதுகுல சொமந்துண்டு எறக்கினா. ஹரித்வாரத்துல வெட்டி எடுத்தா. நடக்க முடியலே, அங்கே கடைத்தெருவுல ஒரு தடி வாங்கினேன். ஆத்துல இவளா, பத்ரிக் கட்டைன்னு அதுக்குக் குங்குமம் வச்சுட்டா.”

“கார்டில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே, மாமா?”

“எழுதினா ஊருக்குத் தெரியும். அங்கம் கொறஞ்சவன் வைதிகம் பண்ணிவைக்கப்படாதும்பா. வெறுங்காலைப் பார்த்துடுவான்னு யார் கூப்பிட்டாலும் போறதில்லே, ஆத்துலயும் காஞ்சீபுரம்னு சொல்லச் சொல்லியிருக்கேன். எனக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்கோ.”

தடியைப் பற்றி நான் கண்டுபிடித்ததில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. அந்த மலையில் நடந்திருக்க வேண்டிய கால் என்னுடையது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “மார்கழியில் அம்மாவுக்கு முதல் திவசம். நீங்கள்தான் ஊட்டிக்கு வந்து பண்ணிவைக்கணும்” என்றேன்.

“காலைப் பார்த்த அப்புறமுமா?”

“பார்த்ததனாலேதான், மாமா.”

பேனா முள்ளைத் துடைத்து மைக்கூட்டருகில் வைத்தார். பிறகு, கண்ணை உயர்த்தாமலே கேட்டார்:

“ஊட்டியில ரொம்பக் குளிருமோ?”

மார்கழியில் எங்கள் கிடங்கு வாசல் புல் விடிகாலையில் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். வாளித் தண்ணீர் மேலே கண்ணாடியாய் உறைந்திருக்கும். காலையிலிருந்து இந்தப் பட்டணத்தில் ஒவ்வொருவர் வாயிலும் பொய்யைத் தேடி அலைந்தவன் நான்.

“அப்படியொன்றும் இல்லை, மாமா” என்றேன்.