அந்தோனியார் தேடித் தந்த நாக்கு

இரண்டாவது தடவையும் பெயில்! நோபல் பார்க் செபக்குழுவின் அன்பு உறவுகளே, இந்த வருடத் தவக்காலம் எனக்கு இப்படித்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பக்கத்தில் கார் நிறுத்திய வெள்ளைக்கார மனுசி கண்ணாடியைத் தட்டி, சுகமில்லையா என்று கேட்டார். அவரிடம் என்னத்தைச் சொல்வது? ஒரு வயதானவரிடம் பெயர் கேட்க முடியாமல் என் படிப்பே போகப் போகிறது என்றா?

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஸ்ரெல்லா, ஊர் மன்னார். இங்கே வந்த நாளில் இருந்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நேர்ஸ் ஆகவேண்டும் என்ற ஆசை பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே இருந்தது. சண்டை, இடப்பெயர்வு, கலியாணம், பிள்ளைகள் என்று அது பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் வழி திறந்தது. ஆஸ்பத்திரியில் பயிலுநராக வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் நேர்சிங் பட்டம் படிக்கலாம். கிழமையில் சில நாள் வாட்டில், சில நாள் வகுப்பில். இடம் கிடைத்த அன்று நான் குசினிக்குள் துள்ளிய துள்ளலில் சாம்பார் சட்டி கவிழ்ந்தது, அதற்கு யூட் சாட்சி.

யூட் என் கணவர். பாவம், நான் வகுப்பில் இருக்கும் நாட்களில் அவர் சமைப்பதைச் சாப்பிட்ட பிள்ளைகளும் பாவம்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். மருந்து கொடுப்பதற்கு ஒரு பரீட்சை உண்டு. என்னைப் பயிற்றுவிக்கும் ட்ரேசி என்ற மூத்த நேர்ஸ் பின்னால் நின்று பார்ப்பார். மருந்துக் குளிசை கொடுக்க முன்னர், கையில் கட்டியிருக்கும் பெயர்ப்பட்டியைப் பார்க்கவேண்டும். அது மட்டும் போதாது. "உங்கள் முழுப்பெயர் என்ன, பிறந்த திகதி என்ன" என்று நோயாளியின் வாயால் சொல்லவைக்க வேண்டும். நாம் பெயரைச் சொல்லி "நீங்கள்தானே அவர்" என்று கேட்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும், ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டும்.

கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா? எனக்கு நாக்கு எழும்பவில்லை! வயதுக்கு மூத்தவரின் முகத்தைப் பார்த்து உம்முடைய பெயர் என்ன என்று கேட்டால் எங்கள் வீட்டில் வாயிலேயே ஒன்று விழும். அப்பாவின் பெயரை அம்மா வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இஞ்சேருங்கோ"தான். அரசாங்கக் கச்சேரியில் அலுவலர் யாராவது "உங்கட மனுசன்ர பெயர் என்ன" என்று கேட்டால், அம்மா என்னை முழங்கையால் இடித்து, "நீ சொல்லன்" என்பார். அந்த வயிற்றில் பிறந்தவள் நான்.

முதல் தடவை, வயதான ஒரு வெள்ளைக்காரரிடம் "குட் மோர்னிங் அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே குளிசைக் கிண்ணத்தை நீட்டிவிட்டேன். ட்ரேசி என் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டாவது தடவை வாயைத் திறந்தேன். திறந்த வாயில் இருந்து, "நீங்கள் மிஸ்டர் வில்சன்தானே?" என்றுதான் வந்தது. ட்ரேசி நல்லவர், கத்தவில்லை. "ஸ்ரெல்லா, நீ கேட்கவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். இன்னும் ஒரு தடவைதான் தர என்னால் முடியும்" என்றார். அதிலும் பெயில் என்றால் பயிற்சியில் இருந்து நீக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கார் அழுகை.

வீட்டில் யூட் சோபாவில் நோயாளி மாதிரிப் படுத்துக்கொள்ள, நான் பழகினேன். "உங்கட முழுப்பெயர் என்ன?"

"கடவுளே, கட்டின மனுசன்ர பெயரும் மறந்து போச்சோ உமக்கு?"

"பகிடி விடாதேங்கோ! நான் செத்துக்கொண்டு இருக்கிறன்."

மகள் போனில் இருந்து தலையை எடுக்காமலே, "அம்மா, ஜஸ்ட் ஆஸ்க்!" என்றாள். இவ்வளவுதானாம். அவளுக்கு நாக்கு இந்த நாட்டில் முளைத்தது. எனக்கு அப்படியா?

அன்றைக்குத்தான் எனக்கு அந்தோனியார் ஞாபகத்துக்கு வந்தார். வீட்டுத் திறப்பு தொலைந்தால், மூக்குக்கண்ணாடி தொலைந்தால் யாரைக் கூப்பிடுகிறோம்? அவரைத்தானே! அதோடு, அவர் இறந்து பல காலம் போன பிறகும் அவருடைய நாக்கு அழியாமல் இருந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்களே. தொலைந்ததைத் தேடித் தருகிறவரும் அவர், நாக்குக்குச் சொந்தக்காரரும் அவர். இதைவிடப் பொருத்தமான ஆள் எனக்கு எங்கே கிடைப்பார்? அவருடைய நாளான செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலுக்குப் போய் அவருடைய சுரூபத்தின் காலடியில் மெழுகுதிரி கொளுத்தினேன். "அந்தோனியாரே, என்ர நாக்கைத் துலைச்சுப்போட்டு நிக்கிறன். ஆண்டவரிட்டச் சொல்லித் தேடித் தாரும்" என்று மன்றாடினேன். கூடவே, சோதனைக்கு ஓர் இளம்பிள்ளையை நோயாளியாக அனுப்பும்படியும் கேட்டேன். இளம்பிள்ளை என்றால் கூச்சமில்லாமல் கேட்டுவிடலாம் அல்லவா.

சோதனை நாள் வந்தது. செவ்வாய்க்கிழமை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ட்ரேசி கட்டிலைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தலை, கழுத்தில் செபமாலை, எங்கள் முகவெட்டு. வயதுபோன தமிழர்! அந்தோனியாரே, உமக்கு என்னோடு என்ன கோபம்? கைப்பட்டியைப் பார்த்தால், அதில் பெயர் அந்தோனி. விட்டால் அங்கேயே முழங்காலில் நின்றிருப்பேன். சரி, அவரே வந்துவிட்டார், எல்லாம் சுகமாக முடியும் என்று நம்பினேன். பட்டியும் கோப்பும் ஒத்துப்போயின. கிண்ணத்தில் இருந்தது இரத்தம் உறையாமல் இருப்பதற்கான குளிசை.

அந்த நேரத்தில் சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த பெண், "ஆர் யூ ஓகே, அந்தோனி?" என்று போகிற போக்கில் கேட்டார்.

"ஓம், ஓம்" என்று அவர் அழகாகத் தலையாட்டினார்.

நான் மூச்சை இழுத்து, ஆங்கிலத்தில் முழுப்பெயர் என்ன என்று கேட்டேன். கேட்டுவிட்டேன்! முதல் தடவையாக! ஆனால் அவர் அதற்கும், "ஓம், ஓம்" என்றார். பிறந்த திகதி கேட்டேன். "ஓம் மகள்."

எனக்குள் ஏதோ இடறியது. வேறு ஆட்களுக்கு அது விளங்கியிருக்காது, அவர்கள்மேல் குறையும் இல்லை. நமக்கு மட்டும்தான் தெரியும், ஓம் என்றால் எப்போதும் ஆம் என்று அர்த்தமில்லை. "நீ கதை பிள்ளை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கும் ஓம்தான். ஒன்றும் விளங்காவிட்டாலும் மரியாதைக்கு ஓம்தான். ட்ரேசியிடம் திரும்பி, இவருக்கு நான் கேட்டது விளங்கவில்லை, தமிழில் கேட்கலாமா என்றேன். "கேள், பிறகு மொழிபெயர்ப்பாளரையும் கூப்பிட்டு உறுதிப்படுத்துவோம்" என்றார்.

இனித் தப்ப வழியில்லை. ஆங்கிலத்தில் கேட்பது ஒன்று. நம் பாசையில், அப்பாவின் வயதுள்ளவரின் முகத்துக்கு நேரே கேட்பது இன்னொன்று. காது சுட்டது. அந்தோனியாரே, இப்ப தாரும் என்று மனதுக்குள் கத்தினேன். நாக்கு எழும்பியது, உறவுகளே!

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்கட முழுப்பெயர் என்ன?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பிள்ளை, ஊர் விதானையார் மாதிரி விசாரிக்கிறீர்? நான் பாவிலு. மரியான் பாவிலு."

"பிறந்த திகதி?"

"பாலன் பிறந்த நத்தாருக்கு முதல்நாள் பிறந்தனான். அதால ஒருத்தரும் எனக்குத் தனியாப் பரிசு தாறேல்லை."

கோப்பில் இருந்தது ஆவணி மாதத்துத் திகதி. இன்னொரு தடவை கோப்பைப் பார்த்தேன். "அப்ப, அந்தோனி ஆர் ஐயா?"

"அது கீழ எனக்குப் பக்கத்தில படுத்திருந்த மனுசன். நீர்கொழும்பு ஆள். நல்ல மனுசன்."

"உங்களை அந்தோனி எண்டு கூப்பிடேக்க ஓம் எண்டனீங்களே?"

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எல்லோ? அந்தோனியாரைப் பற்றி ஏதோ கேக்கினம் எண்டு நினைச்சனான்."

சிரிப்பதா அழுவதா! கிண்ணத்தை மூடி ட்ரேசியிடம் கொடுத்து, இவர் அந்தோனி இல்லை என்றேன். ட்ரேசியின் முகம் வெளுத்தது. அதற்குப் பிறகு ஓட்டம்தான். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார், டொக்டர் வந்தார். கதை வெளியே வந்தது. கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேருக்கும் சேலைன் ஏற்றுவதற்காகப் பழைய பட்டிகளை வெட்டியிருக்கிறார்கள். புதியதைக் கட்டும்போது "அந்தோனி?" என்று கேட்க, நம்முடைய பாவிலு ஐயா மரியாதையாக ஓம் சொல்லிவிட்டார். மிச்சப் பட்டி மற்றவரின் கைக்குப் போயிருக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்து! அந்தக் குளிசை உள்ளே போயிருந்தால் இரத்தம் நிற்காமல் போய், ஆளே இல்லாமல் போயிருப்பார் என்று டொக்டர் சொன்னார். நான் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன்.

காணாமல் போன அந்தோனியைப் பக்கத்து வாட்டில், பாவிலுவின் பட்டியோடு கண்டுபிடித்தோம். அவருக்கும் பிழையான மருந்து போக முன்னரே! தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரையே நான் தேடிக் கண்டுபிடித்தேன் என்று வையுங்களேன்.

நான் இளம்பிள்ளை கேட்டேன். ஆண்டவர் தந்திருந்தால் நான் பாஸ், பாவிலு ஐயாவின் கதி? என் செபத்தில் நான் என் படிப்பை மட்டும்தான் பார்த்தேன், ஆண்டவர் அந்த மனுசனையும் பார்த்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் கண் நிறைகிறது.

பின்னேரம் ட்ரேசி என்னைக் கூப்பிட்டு, "பாஸ்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிக் கட்டிப்பிடித்தார். நான் லிப்டுக்குள் நின்று "அல்லேலூயா" என்று கத்தினேன், தவக்காலத்தில் அதைச் சொல்லக்கூடாது என்பதும் மறந்துபோய்! யூட்டுக்குப் போன் எடுத்தேன். "என்ன, பாஸோ?" என்றார். "ஓம்!" என்றேன். "மரியாதைக்குச் சொல்லுறீரோ, உண்மையாவோ?" என்று கேட்டாரே பாருங்கள். அதற்கு முன்னமே மகளுக்கு எல்லாக் கதையும் அனுப்பியிருந்தேன், அந்த ஓம் கதையை அவளிடம் கேட்டு அறிந்திருக்கிறார் மனுசன்.

பாவிலு ஐயா சுகமாகி வீட்டுக்குப் போன அன்று என் கையைப் பிடித்தார். "என்ர பெயரை வந்தவன் போனவன் எல்லாரும் கேட்டாச்சு. உம்மட பெயர் என்ன பிள்ளை?"

"ஸ்ரெல்லா ஐயா."

"நேர்ஸ் ஸ்ரெல்லா எண்டு சொல்லும்" என்றார். பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இருந்தாலும் சொன்னேன், வாய் நிறையச் சொன்னேன்.

உறவுகளே, உங்களிடமும் தொலைந்தது ஏதாவது இருக்கும். துணிவோ, தூக்கமோ, பிள்ளையின் பேச்சோ, எதுவாகவும் இருக்கட்டும். வெட்கப்படாமல் ஆண்டவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டதை விட்டு வேறொன்றைத் தந்தால், பொறுத்திருந்து பாருங்கள், அதற்குள் யாரோ ஒருவரின் உயிரும் இருக்கலாம். என் ஆண்டவருக்கும் அந்தோனியாருக்கும் கோடி நன்றி.

இன்னும் ஒன்று. என்றைக்காவது என் வாட்டில் நீங்கள் படுத்திருந்தால், ஸ்ரெல்லா நமக்குத் தெரிந்த பிள்ளைதானே என்று நினைக்காதீர்கள். அங்கிள் என்றும் பார்க்கமாட்டேன், அன்ரி என்றும் பார்க்கமாட்டேன். கட்டிலருகே வந்து முழுப்பெயர் கேட்பேன். தயவுசெய்து எனக்கு ஓம் மட்டும் சொல்லாதீர்கள்.