வராத கார், வராத சைக்கிள்

எங்கள் வீட்டு டிவியின் மேல் ஒரு குட்டிப் பிள்ளையார் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தார். காருக்குள் முன்பக்கம் ஒட்டி வைப்பதற்காக அப்பா வாங்கி வந்த பிள்ளையார். கார் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அவர் வந்துவிட்டார். கார் வரவே இல்லை. அது வராமல் போனதற்கு நான்தான் காரணம். வெறும் கார் மட்டும் போயிருந்தால் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. பைக்கில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அப்பா திருப்பூரில் எட்டு மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்தினார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. நான் பிறந்தபோது அந்தத் துணி ஏற்றும் டெம்போவில்தான் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். பண்டல் பண்டலாகப் பனியன் துணி, அதன் மேல் அம்மா, அம்மா மடியில் நான். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அப்பாவுக்குச் சிரிப்பு வராது. அடுத்த பிள்ளை சொந்தக் காரில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்திருந்தார்.

கடையில் கார் பார்த்தாயிற்று. சின்னதாக ஒரு வெள்ளைக் கார். முன்பணம் கட்டியாயிற்று. மீதிக்கு பைனான்ஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. வாசலில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று, துணி துவைக்கிற கல்லை அப்பா இரண்டு ஆட்களை வைத்துப் பெயர்த்துப் போட்டார். ஏழு மாத வயிற்றோடு அம்மா குழாயடியில் குந்தித் துவைத்தாள். காரைத் துடைப்பதற்கென்று சுத்தமான பனியன் வேஸ்ட் துணி ஒரு மூட்டை தனியாகக் கட்டி பரணில் ஏற்றப்பட்டது. காரைத் தவிர காருக்கு வேண்டிய எல்லாம் வீட்டில் இருந்தது.

வேண்டாம் என்று சொன்னவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் அண்ணன். அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் இல்லாததால் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் மாமாதான். காங்கேயத்தில் தேங்காய் உலர்த்தும் களம் வைத்திருந்தார். கொப்பரை ஏற்ற ஒரு பழைய வேன். அதில் ஏறி இறங்கினால் நமக்கும் இரண்டு நாளைக்கு எண்ணெய் வாசம் அடிக்கும். ஜாமீன் கையெழுத்துக்காக அப்பா பைனான்ஸ் படிவத்தை நீட்டியபோது மாமா பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, “இப்ப வேண்டாங்க மாப்ள. கொழந்தை பொறக்கற வரைக்கும் என்ற வேனை இங்கயே உட்டுட்டுப் போறனுங்க” என்றார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு பேசாமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

இங்கே கடனைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் கடனை மறைப்பார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எங்கள் தெருவில் கடன் என்பது ஒரு கௌரவம். பேங்கில் எவ்வளவு லிமிட் என்பதை வைத்துத்தான் ஆளை எடை போடுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்தப் பேச்சு வரும். அப்பாவும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம், நம்பிக்கை இருக்கிறவனுக்குத்தான் நாலு பேர் கடன் கொடுப்பான் என்று பெருமையாகச் சொல்வார். பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்த நான் அதை அப்படியே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். பேங்கில் வாங்கியதை ஊருக்குச் சொல்ல வேண்டும், மற்றதை வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டாம் பாடத்தை எனக்கு யாரும் நடத்தவில்லை.

காலாண்டு விடுமுறையில் ஒரு நாள். அம்மாவை ஸ்கேன் எடுக்க ஆட்டோவில் அப்பா கூட்டிப்போயிருந்தார். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்து, பைனான்ஸிலிருந்து வருவதாகச் சொல்லித் தண்ணீர் கேட்டார். பேச்சு தெற்கத்திப் பக்கத்துப் பேச்சு. நான் சொம்பில் கொண்டுவந்து கொடுத்து, நாற்காலியும் இழுத்துப் போட்டேன். எங்கள் கார் சம்பந்தமாக வந்தவரை வெறுமனே அனுப்ப முடியுமா? அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விளையாட்டுப் போலத்தான் கேட்டார்.

“அப்பாவுக்கு வேற லோன் எதுவும் இருக்கா பாப்பா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் அப்பாவைப் பற்றி என்ன நினைத்துவிட்டார் இந்த மனிதர்?

“என்னங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க? எங்கப்பாவுக்கு அஞ்சு லோனுங்க. பக்கத்து ஊட்டு அங்கிளுக்கு ரெண்டே ரெண்டுதானுங்க.”

விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். மிஷினுக்குப் பேங்கில் வாங்கியது. அம்மாவின் தாலிக்கொடியும் வளையலும் அடகு வைத்து வாங்கியது. முன்னாலேயே எடுத்துவிட்டு மாசாமாசம் கட்டிவரும் சீட்டு. திங்கட்கிழமை தவறாமல் பைக்கில் வந்து வாசலில் ஹாரன் அடிக்கிற அண்ணனிடம் வாங்கியது. கட்டை விரல் மிச்சம் இருந்தது. அதற்கு மாமாவிடம் கைமாற்றாக வாங்கியதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கார் வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, என்னால்தான் வந்தது என்று சொல்வதற்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமா வந்தார். அந்த அட்டைக்காரர் அடுத்ததாகக் காங்கேயம் போய், ஜாமீன் போட்டவரையும் விசாரித்திருக்கிறார். போகிற போக்கில், உங்கள் மருமகள் படு சுட்டி என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்து, மாமா வீட்டு அத்தை சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு மாமா என்னை பேக்கரிக்குக் கூட்டிப்போய் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து, வந்தவர் என்ன கேட்டார் என்று விசாரித்தார். நான் மறுபடியும் ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினேன். அவர் டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வாயோரத்தில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைத் துடைத்துவிட்டார்.

“கண்ணு, அவரு வந்ததை, நீ பேசுனதை, அப்பங்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது சாமி. சொல்லாம இருந்தீன்னா மாமன் உனக்கு சைக்கிள் வாங்கித் தாரேன்.”

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. என்ன கலர் என்று மட்டும் கேட்டேன். நீ சொல்ற கலர் என்றார்.

அந்த வாரமே லோன் இல்லை என்று போன் வந்தது. விசாரணையில் சரியில்லையாம், அவ்வளவுதான் சொன்னார்களாம். அப்பா கம்பெனியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றார். வீட்டுக்கு ஒரு பயலும் வரவில்லை, கம்பெனிக்கும் வரவில்லை, அவர்கள் கேட்டிருந்தால் மச்சானை மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். கார் வேண்டாம் என்று சொன்னதும் அவர்தானே. கணக்கு சரியாக வந்தது. போனை எடுத்தார்.

“முன்னால கையெழுத்தைப் போட்டுப்போட்டு, பின்னால போட்டுக் குடுத்துட்டீங்களே மச்சான். என்ற கடன் அத்தனையும் உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்.”

அந்தப் பக்கமிருந்து பதில் வந்ததாகத் தெரியவில்லை. அப்பா நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் காத்திருந்தார். மாமா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் வந்தார் அப்பா, நான்தான் தண்ணீர் கொடுத்தேன் என்று. சைக்கிள் ஞாபகம் வந்தது. சிவப்பில் கேட்பதா நீலத்தில் கேட்பதா என்று இன்னும் முடிவு செய்யாமல் இருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மாமா ஏன் பேசவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எங்கள் அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை வரும். கட்டிங் டேபிள் இரும்பு ஸ்கேலின் தடம் அதற்கு முன்பே ஒருமுறை என் தொடையில் விழுந்திருந்தது. அவர் கை ஓங்கும்போதெல்லாம் அம்மா குறுக்கே விழுந்துதான் என்னைக் காப்பாற்றுவாள். இப்போது குறுக்கே விழுகிற நிலையில் அவள் இல்லை. மாமா தங்கையை நினைத்தாரா, வயிற்றிலிருந்த பிள்ளையை நினைத்தாரா, என்னை நினைத்தாரா தெரியாது. பழியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

அதோடு போக்குவரத்து நின்றது. தம்பிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் உட்கார வேண்டியவன், அம்மாவுக்கு ஏதோ ஒரு வழியில் அண்ணன் முறையாகும் ஒருவர் மடியில் உட்கார்ந்து கத்தினான். அம்மா போட்டோவுக்கு நிற்கவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு கல்யாணத்தில் மாமாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வேகமாக வந்து தலையில் கை வைக்கப் போனார். நான் விலகி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு வருடமாகியும் சைக்கிள் வரவில்லை என்ற கோபம் எனக்கு. அப்பா சொல்லிக் கொடுத்துத்தான் பிள்ளை இப்படிச் செய்கிறது என்று அவர் நினைத்திருப்பார். கையை மெல்லப் பின்னால் எடுத்துக்கொண்டார். அந்தக் கையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கார் போனது என் வாயால்தான் என்று பதினாறு வயதில் எனக்கு விளங்கிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அப்பாவின் கைக்குப் பயந்தது போய், அம்மா என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குப் பயந்தேன். நான் கல்லூரியில் இருந்தபோது மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். துக்க வீட்டில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அத்தை என் கையைப் பிடித்து, பேக்கரி விஷயத்தையும் அட்டைக்காரர் வந்ததையும் ஒரே மூச்சில் சொல்லி, இனிமேல் சொல்லி என்னாகப் போகுது என்றாள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு இன்னும் ஆறேழு வருடம் தள்ளினேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பைனான்ஸ்காரர் வந்தார். எனக்கு இது எட்டாம் மாதம். நானும் என் கணவரும் கார் வாங்குகிறோம். வேறு லோன் ஏதாவது உண்டா மேடம் என்று கேட்டார். அவர் போன பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, அந்த ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். இத்தனை வருடமும் மாமாவை அவன் இவன் என்றே பேசி வந்தவர் அப்பா.

“அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மிணி” என்றார்.

கையில் ஸ்கேல் இருந்த அப்பாவிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. அப்பாவுக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கும். போனை வைக்காமலே இருந்தார்.

இனி, தம்பி பிறந்த அந்த நாளுக்குத் திரும்பி வருகிறேன். குறித்த தேதிக்கு நாள் இருக்கும்போதே, ஒரு நாள் காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. அப்பா ஆட்டோவுக்கு ஓடினார். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, லேசாக இடுப்பு வலிக்கத் தொடங்கியபோதே, அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் தன் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். ஆட்டோ வந்து நிற்கவும் மாமாவின் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. துவைக்கிற கல் இருந்த இடத்தில், எங்கள் கார் நிற்க வேண்டிய இடத்தில், வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொப்பரை மூட்டைகளையெல்லாம் இறக்கிவிட்டு, சீட்டில் புதுப் போர்வை விரித்திருந்தார். அப்பா வேனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றார்.

“என்ற ஊட்டுக்காரியக் கூட்டிட்டுப் போக எனக்குத் தெரியுங்க. நீங்க பொறப்படுங்க மச்சான்.”

அம்மா வேனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அடுத்த வலி வந்ததும் ஆட்டோவில் ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா அவளைத் தாங்கிக்கொண்டாள். என்னையும் உள்ளே திணித்தார்கள். அப்பா பைக்கில் முன்னால் போனார். ஆட்டோவின் பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமாவின் வேன் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. ஆட்டோ மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது.

ஒரு சிக்னலில் எல்லாம் நின்றபோது வேன் நேர் பின்னால் நின்றது. அம்மா அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் ஜன்னலை ஒட்டி முட்டிபோட்டு, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலப் பிடித்து, கட்டை விரலால் பெல் அடித்துக் காட்டினேன். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கிறதல்லவா என்று அர்த்தம். மாமா என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். ஹாரனை மெல்ல இரண்டு தடவை அடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ உள்ளே திரும்பியது. வேன் திரும்பவில்லை. வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நேராகப் போய்விட்டது. அந்தப் பக்கம்தான் சைக்கிள் கடைகள் இருந்தன. நான் சந்தோஷமாக இறங்கினேன்.