பென்னலூர் திருப்பத்தில் விழாத வண்டி

வருஷத்துல ஒருநாள் ஆயுத பூஜைக்குத்தான் கை தூக்கி சாமி கும்பிடற ஆளு நான், பேயை எங்க நம்பப்போறேன். படிச்சது அஞ்சாவது. இன்னிக்கு பென்னலூர்ல நாலு வண்டி ஒரே நேரத்துல ஏத்தி வேலை பார்க்கிற பட்டறை என்னுது. எஃப்.ஐ. வண்டி, அதான் கார்புரேட்டர் இல்லாம கம்ப்யூட்டரே பெட்ரோல் விடற பைக்கு, வந்தப்போ இதெல்லாம் உனக்கு வராது பெருசுன்னு சிரிச்சவன் எல்லாம் இப்ப என்கிட்டத்தான் தள்ளிக்கினு வரான். இதைப் படிச்சுட்டு நீ நம்பாட்டி எனக்கு ஒண்ணும் குறையப்போறதில்ல.

போன கோடையில இசக்கின்னு ஒருத்தன் வந்தான். கோவில்பட்டி பக்கத்துக்காரன், ஓரகடத்துல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை, இங்க ரூம் எடுத்து தங்கியிருந்தான். செகண்ட் ஹேண்டுல வாங்கின எஃப்.ஐ. வண்டி, நல்லா ஓடும், திடீர்னு அணைஞ்சிடும், சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஸ்டார்ட் ஆயிடும். அதுவும் பின்னாடி கன்டெய்னர் லாரி வர ரோட்டுல. இதனாலயே ரெண்டு தரம் ஷிஃப்டுக்கு லேட், இன்னொரு தரம் லேட்டானா கேட் பாஸைப் புடுங்கிடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டானாம்.

ஃபில்டர், பம்ப், பிளக்கு, சைடு ஸ்டாண்டு சுவிட்சு எல்லாம் பார்த்து அனுப்பினேன். மறுநாளே தள்ளிக்கினு வந்துட்டான். ஆறு கஸ்டமர் நிக்கிறாங்க, அவங்க எதிர்லயே சொல்றான்.

"எஃப்.ஐ. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

என்னைப் பார்த்து. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே, ஸ்பேனர் கையில இருந்தது, வீசல, அவ்வளவுதான். நாளைக்கு ரெண்டு மணிக்கு வந்து எடு, எடுக்கும்போது இது சரியா இல்லன்னா என் மீசைய எடுத்துடறேன்டான்னு சொல்லிட்டேன்.

அப்புறம்தான் எங்க நிக்குதுன்னு கேட்டேன். முதல்லயே கேட்டிருக்கணும், அது என் தப்பு. தினமும் ஒரே இடமாம், கன்டெய்னர் யார்டு சுவர் முடியற திருப்பம். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தா வண்டி கீழ விழுந்துச்சுன்னு பதிஞ்சிருக்கு. இந்த வண்டிங்கள்ல தீப்பெட்டி சைசுல ஒரு சென்சார் உண்டு, வண்டி சாஞ்சு விழுந்தா இஞ்சினை அதுவே அணைச்சிடும், இல்லாட்டி விழுந்தவன் காலு சக்கரத்துல போயிடும். விழுந்தியாடான்னா இல்லவே இல்லங்கறான். புது சென்சார் போட்டு நானே ஓட்டிக்கினு போனேன். அதே திருப்பத்துல அணைஞ்சுது. நான் நேரா உக்காந்துகினு இருக்கேன், வண்டி நான் விழுந்துட்டேங்குது.

வேற எவனா இருந்தாலும் அங்க கொஞ்சம் யோசிச்சிருப்பான். எனக்கு மீசைதான் ஞாபகம். அந்த சென்சாரையே கழட்டிட்டு ஒரு ரெசிஸ்டர் வெச்சேன். எங்க பொழப்புல இது சகஜம், இனிமே வண்டி தலைகீழா கெடந்தாலும் நிமிர்ந்து நிக்கறதாத்தான் அதுக்குத் தோணும்.

மறுநாள் ஒரு மணி, உச்சி வெயில். திருப்பத்துக்குப் போனேன், அணையல. வேணும்னே ஓரமா நிறுத்தி, ஒரு காலை ஊனிக்கினு, ஆக்சிலேட்டரை முறுக்கி சிரிச்சேன். எதிர்ல ஏகாம்பரம், எளநி விக்கறவன், பத்து வருஷமா தெரிஞ்சவன். கத்தியைப் போட்டுட்டு ஓடி வந்தான். என் மூஞ்சியைப் பார்க்கல. என் வலது காலுக்குப் பக்கத்துல குந்தி, வெறும் ரோட்டுல ரெண்டு கையையும் விட்டு எதையோ தூக்கறான்.

"வண்டிய ஆஃப் பண்ணு, காலு உள்ள மாட்டிக்கினு கீது" ன்னு தரையைப் பார்த்து சொல்றான்.

"யோவ், குடிச்சிகினு வந்தியா? நான் மேல இருக்கேன்யா."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்தான், அங்கயும் என் மூஞ்சி இருக்கற மாதிரி. மறுபடி என்னை. அப்படியே பின்னாடி நடந்து ரோட்டைத் தாண்டிப் போயிட்டான், திரும்பிக்கூடப் பார்க்காம, ஹாரன் அடிக்கற லாரிங்க நடுவுல.

சாவிய ஆஃப் பண்ணேன். கடை வரைக்கும் தள்ளிக்கினு வந்தேன், ஏறல.

ரெண்டு மணிக்கு இசக்கி யூனிஃபார்மோட வந்து நின்னான். ஓடுது, எடுத்துக்கோன்னு சொல்லியிருந்தா என் பேரும் நின்னிருக்கும், அவன் வேலையும் நின்னிருக்கும். ஓடத்தானே செஞ்சுது? ஆனா பேட்டரியைக் கழட்டி உள்ள பூட்டி வெச்சுட்டேன். "தரமாட்டேன், என்னால ஆவல" ன்னு சொன்னேன், என் வாயால, எல்லாரும் கேக்க. அவன் பேசாத பேச்சு இல்ல. ஷேர் ஆட்டோவைப் புடிச்சு ஓடினான், லேட்டு, பாஸ் போச்சு. அன்னிக்கு சாயந்தரமே மீசைய எடுத்தேன், சொன்னா செய்யற ஆளு நான்.

இப்ப அவன் எங்கயோ பார்சல் வேலைக்குப் போறான். என்னைப் பார்த்தா துப்பறான். துப்பட்டும். ரெண்டு கால்ல நின்னு துப்பறான் இல்ல.

வண்டி இன்னும் பின்னாடி ஷெட்டுலதான் கீது, அதுக்கான காசை அவனுக்குக் குடுத்துட்டேன். ஏகாம்பரத்துகிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல, அவனும் சொன்னதில்ல. போன வாரம் வெயில் தாங்காம அவன்கிட்ட நின்னு ஒரு எளநி கேட்டேன். சீவினான், ஸ்ட்ரா போட்டான், அப்புறம் குனிஞ்சு என் வலது காலுக்குப் பக்கத்துல, தரையோரமா நீட்டினான். நான் கையை நீட்டிக்கினு மேல நிக்கறேன். அவன் அங்கயே பிடிச்சுக்கினு இருந்தான்.