யாரும் வெறுங்கையோடு திரும்பாத லாஞ்சு

ஆர்லின் ஸ்டென்மோவின் லாஞ்சில் ஏறியவர் யாரும் வெறுங்கையோடு இறங்கியதில்லை. இதை அவன் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. அவனுக்காக ஊரே சொன்னது. பெட்ரோல் பங்க்கில் சொன்னார்கள், தேவாலய வாசலில் சொன்னார்கள். என் தூண்டில் இரைக் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்களிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதனால் இந்தக் கதையில் அவனுக்கு 'அவர்' போட மாட்டேன்.

மினசோட்டாவில் எங்கள் பக்கத்தில் ஏரி என்றால் வாலாய் மீன்தான். மங்கிய வெளிச்சத்தில் கண் மினுமினுக்கும். வெள்ளைச் சதை, முள் தொந்தரவு கிடையாது, மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்தால் பேச்சே வராது. மே மாதத்தில் சீசன் திறக்கிற சனிக்கிழமையன்று இங்கே யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான்.

ஆர்லினின் லாஞ்சு தட்டையான பெரிய படகு. சுற்றிலும் கம்பி அழி. இருபது பேர் தோளோடு தோள் உரச நின்று தூண்டில் போடலாம். அவன் சுக்கான் பக்கத்தில் காபிக் குவளையோடு நிற்பான். இடம் வந்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு, "போடுங்க" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அடியில் மீன் காட்டும் திரை ஒன்று வாங்கி மாட்டியிருந்தான். ஆனால் அது காட்டிய இடத்துக்கு அவன் போனதாக எனக்குத் தெரியவில்லை. அவன் போன இடத்தை அது காட்டியது, அவ்வளவுதான்.

அவன் போன இடங்களிலேயே பேர்போனது பாதிரி மேடு. ஏரிக்கு நடுவில், தண்ணீருக்கு அடியில் கிடக்கிற சரளைக்கல் மேடு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு டிமிக்கி கொடுத்த ஆம்பளைகள் எல்லாரும் அங்கே இருப்பார்கள், பாதிரியார் பிரசங்கம் செய்ய அங்கேதான் போக வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

ஆர்லினுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உறவென்று அக்கா ஆர்டிஸ் மட்டும்தான். அக்கா புருஷன் லாய்டு இறந்தபோது ஆர்டிஸுக்கு ஏரிக்கரையில் நாலைந்து பழைய வாடகைக் குடில்கள் மிச்சமிருந்தன. ஊருக்குள் இருந்த வீட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தையெல்லாம் போட்டுப் புதிய குடில்கள் கட்டலாமா என்று அவர் யோசித்தார். விற்றால் திரும்பிப்போக இடம் இல்லை. தம்பியைக் கூப்பிட்டு, ஏரி தாங்குமா என்று கேட்டார். குடிலுக்கு வருகிறவர்கள் இயற்கையை ரசிக்க வருவதில்லை. மீன் பிடித்து, பொரித்துத் தின்று, மிச்சத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வருகிறவர்கள். மீன் இல்லையென்றால் குடிலும் இல்லை.

"கட்டு. மீனுக்கு நான் ஆச்சு," என்றான் ஆர்லின்.

அவர் கட்டினார். சொன்ன சொல்லை அவனும் காப்பாற்றினான். ஆர்டிஸின் குடில்களில் தங்கியவர்களை லாஞ்சில் ஏற்றிக்கொண்டு போவான், எல்லோரும் கை நிறைய மீனோடு திரும்புவார்கள், அடுத்த கோடைக்கும் அங்கேயே முன்பதிவு செய்துவிட்டு ஊருக்குப் போவார்கள்.

மற்ற கரைகளில் புலம்பல் ஆரம்பித்தபோது நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடக்கு விரிகுடாவில் மீன் விழவில்லை என்றார்கள். கோரைப் பக்கம் சுத்தமாக இல்லை என்றார்கள். நீர்க்காகம் தின்கிறது என்றார் ஒருவர். தண்ணீர் தெளிந்துபோய் மீன் ஒளிந்துகொண்டது என்றார் இன்னொருவர். பழங்குடியினர் அரசோடு செய்த பழைய ஒப்பந்த உரிமைப்படி போடுகிற வலையைச் சில பேர் குறை சொன்னார்கள். அவர்கள் தங்கள் பங்கை எண்ணித்தான் எடுக்கிறார்கள், அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தூண்டிலை மட்டும் யாரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை.

ஒரு குளிர்காலத்தில் மீன்வளத் துறையிலிருந்து டெஸ் கோவால் என்ற பெண் வந்து கூட்டம் போட்டாள். இலையுதிர்காலத்தில் ஏரி முழுக்க, யாருமே தூண்டில் போடாத இடங்களில்கூட வலை போட்டுப் பார்த்ததாகவும், பல வலைகள் சும்மா வந்ததாகவும், குஞ்சு மீன்கள் அனேகமாக இல்லவே இல்லை என்றும் சொன்னாள். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. தெற்குக் கரையில் குடில் வைத்திருக்கிற வெர்ன் எழுந்து, "உங்க வலைக்கு மீன் பிடிக்கத் தெரியலைன்னா அதுக்கு ஏரி என்னம்மா பண்ணும்? எங்க ஆர்லினோட ஒரு நாள் போய்ட்டு வா," என்றார். ஆர்டிஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

டெஸ்ஸும் சளைக்கவில்லை, ஜூனில் லாஞ்சில் போனாள். பாதிரி மேட்டில் மதியத்துக்குள் எல்லோருக்கும் அனுமதித்த அளவு மீன் கிடைத்துவிட்டது. அவள் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துவிட்டு, எல்லாமே வயதான மீன் என்றாள். ஆர்லின் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஜூலையில் ஒரு காலை அவன் கடைக்கு வந்து ஒரு டப்பா அட்டைப்பூச்சி கேட்டான். எங்கள் ஊரில் கோடையில் வாலாய்க்கு அட்டைதான் இரை. எனக்கு அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது, கடுப்பில் இருந்தேன்.

"ஏன் ஆர்லின், என் கடையை மூட வைக்கணும்னு முடிவு பண்ணிட்டியா? முன்னெல்லாம் காலைல வந்து நாலு டப்பா அள்ளிட்டுப் போவ."

"தேவைப்படலையே. ஒரு அட்டை மாட்டினா மீன் விழுற வரைக்கும் அதே அட்டைதான். நடுவுல வந்து கொறிக்க ஆளே இல்ல."

"உன் சுருட்டுப் பசங்கல்லாம் எங்க போனாங்க?"

சுருட்டு என்று நாங்கள் சொல்வது கையகல வாலாய்க் குஞ்சுகளை. பெரிய மீன் வருவதற்கு முன்னால் வந்து இரையைக் கடித்துப் பிய்த்துவிட்டு ஓடிவிடும். தப்பித்தவறி மாட்டினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். லாஞ்சில் வருகிறவர்கள் அதுகளைத் திட்டாத நாள் இருக்காது.

"போய்த் தொலைஞ்சுது. நிம்மதி," என்று ஆர்லின் சிரித்தான். சிரித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"கடைசியா எப்ப உங்கிட்ட வந்து சுருட்டு திங்குதுன்னு புலம்பினாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "போன வருஷம் யாரும் புலம்பல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

அப்போதும் புலம்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொன்னேன். வெளியே லாஞ்சில் ஏறக் காத்திருந்தவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் டப்பாவோடு போய்விட்டான்.

டெஸ் குளிர்காலத்தில் சொன்னதெல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. வாலாய்ப் பெண் மீன் முதல் முட்டை விடவே அஞ்சாறு வருஷம் ஆகும். நாங்கள் பொரிப்பதற்கு ஆசையாகத் தேர்ந்தெடுக்கிற அளவும் அதே வயதுதான். முட்டை விடப்போகிற நேரம் பார்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தோம். குஞ்சுகள் காணாமல் போனதைப் பார்த்துவிட்டு, தொல்லை ஒழிந்தது, எல்லாம் நல்ல சைஸாக வருகிறது என்று சந்தோஷப்பட்டோம். கடைக்காரியான எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். முன்னால் இருக்கிற அலமாரி காலியாக ஆக, பின்னறையிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டே இருப்பேன். வருகிறவர்களுக்கு எப்போதும் நிரம்பிய கடைதான் தெரியும். பாதிரி மேடு அந்த மாதிரி. மேட்டில் பிடிக்கப் பிடிக்க, ஏரியின் மற்ற மூலைகளில் மிச்சமிருந்த மீன் அந்த நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் மற்ற கரைகள் காய்ந்தபோதும் ஆர்லினுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அவன் கெட்டிக்காரத்தனமே எங்கள் எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவன் சின்னப் படகில் தனியாகப் போனான். ஒரு தடவை நானும் ஏறிக்கொண்டேன். இருப்பதிலேயே பொடிக் கொக்கியில் மண்புழுத் துணுக்கை மாட்டி, வடக்கு விரிகுடா, கோரைப் பக்கம், ஓடை வாய் என்று ஒவ்வொரு இடமாகப் போட்டான். ஏரியிலேயே பெரிய மீன்பிடிகாரன், ஒரு குஞ்சு கிடைக்காதா என்று கெஞ்சாத குறையாக உட்கார்ந்திருந்தான். வேறு சாதிக் குஞ்சுகள் வந்தன. வாலாய்க் குஞ்சு வரவில்லை.

ஆர்டிஸிடம் சொல்லிவிடு என்றேன். சீசன் முடியட்டும் என்றான், எல்லாக் குடிலுக்கும் ஆள் வந்தாகிவிட்டது என்றான். மறுநாள் காலையில் லாஞ்சு வழக்கம்போல மேட்டுக்குப் போனது. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஆனாலும் அட்டை விற்றேன்.

அடுத்த சீசனிலிருந்து எங்கள் ஆல்டர் ஏரியில் பிடிக்கிற வாலாய் ஒவ்வொன்றையும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போடப்போவதாகத் துறை அறிவித்தது. அதற்கு முன் ஊர்க் கருத்தைக் கேட்க நவம்பரில் கூட்டம். குடில்காரர்கள் எல்லோரும் கூடி, எதிர்த்துப் பேசுவதற்கு ஆர்லினை அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். வேறு யாரை அனுப்புவார்கள்? ஆர்டிஸ் காபிக்கென்று பெரிய தட்டு நிறைய கேக் சுட்டுக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தம்பி பேச எழுந்ததும் பெருமையாகத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"டெஸ் சொல்றது சரிதான். குஞ்சு இல்ல. நானே தேடிப் பாத்துட்டேன். மேட்டுல நிக்கறதுதான் கடைசிக் கூட்டம், அதையும் நான்தான் பிடிச்சிட்டிருக்கேன். உத்தரவு போடுங்க," என்றான் ஆர்லின்.

வெர்ன்தான் முதலில் கத்தினார். "நீ சம்பாதிச்சு முடிச்சிட்ட. இப்ப எங்க வாயில மண்ணப் போடுறியா?" இன்னும் ரெண்டு மூணு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆர்டிஸ் எழுந்ததும் எல்லோரும் வாயை மூடினார்கள். அந்த ஹாலில் எல்லோரையும்விட அதிகமாக இழக்கப்போகிறவர் அவர்தான்.

"உனக்கு இது எப்படா தெரியும்?" என்று கேட்டார்.

"ஜூலையில."

"அப்புறம் லாஞ்சு போச்சா?"

"போச்சு."

"எத்தனை நாள்?"

"நாள் தவறாம."

"எதுக்கு?"

"உன் குடிலெல்லாம் நிறைஞ்சிருந்துது ஆர்டிஸ்."

"அதுக்கு என்னைக் காரணம் சொல்லாத. ஜூலையிலயே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே எல்லாரையும் திருப்பி அனுப்பியிருப்பேனோ என்னவோ. அது என் தலைவலி. நீ எனக்கு முடிவு பண்ணவே வழி வைக்கல."

கேக் தட்டைத் தொடாமலேயே வெளியே போய்விட்டார். அன்று அந்தக் கேக்கை யாரும் தின்னவில்லை.

உத்தரவு வந்தது. ஆர்லின் அந்தக் கோடையில், பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவர்களுக்காக லாஞ்சு ஓட்டிப் பார்த்தான். ஆகஸ்ட் வெயிலில், ஆழத்திலிருந்து இழுத்து விட்ட மீன்கள் சில வயிறு ஊதிப்போய் மேலேயே மிதந்தன. நாரைகளும் கடற்காகங்களும் அவன் படகின் பின்னாலேயே வந்தன. அந்த வாரமே லாஞ்சைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டுவிட்டான். இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான், நன்றாகவே ஓட்டுகிறான். ஒரு தலைமுறைக் குஞ்சு பிழைத்து வளர்ந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறாள் டெஸ். அது எப்போது என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. தெரியாது என்று தயங்காமல் சொல்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

ஆர்டிஸின் புதுக் குடில்கள் பூட்டிக் கிடந்தன. ஒன்றை மட்டும் ஒரு நர்ஸுக்கு வருஷ வாடகைக்கு விட்டார். இன்னொன்றில் அவரே குடிபோனார், ஊரில்தான் வீடு இல்லையே. தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவன் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம், அதுவும் நின்றது. தேவாலயத்தில் இவர் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். நான் நடுவில் தூது போகப் பார்த்து ரெண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த மார்ச்சில், இறைச்சி தின்னாத தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் விருந்து. ஊரே வரும். பெட்டியில் உறைந்து வந்த காட் மீன்தான், எண்ணெயில் பொரித்தது. பரிமாறும் இடத்தில் ஆர்டிஸ் நின்றிருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் ஆர்லின். அக்கா அங்கே நிற்பதை அவன் கவனிக்காமல் வந்துவிட்டான் என்று நினைக்கிறேன். முறை வந்தபோது நகர முடியாமல் தட்டை நீட்டினான்.

ஆர்டிஸ் இடுக்கியில் ஒரு துண்டை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"இது கடல் மீன். உன் கை எட்டாத தூரத்துல பிடிச்சது. அதான் இன்னும் மிச்சம் இருக்கு."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். ஆர்லின் சிரிக்கவில்லை.

"ஆமா," என்றான். தட்டை நீட்டியபடியே நின்றான்.

அவர் அந்தத் துண்டை வைத்தார். பிறகு இன்னொன்றும் வைத்தார். அவன் நகரப் பார்த்தான்.

"உருளைக்கிழங்கு ஆறிப்போச்சு. சூடா வருது, நில்லு," என்றார்.

அவன் நின்றான். அவன் பின்னால் நாங்களும் நின்றோம்.