ரெட்டைக் கண்ணாடி வேம்புலி

"இன்னா நைனா, எங்க வலிக்குது?"

வேம்புலி கேட்பது ஜன்னலை. வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு ஹேண்டில் இறுகிக்கொண்டதையும் போன மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்ததையும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அது எதுவும் அவர் காதில் ஏறாது. முதலில் கதவைச் சாத்துவார். புறங்கையை நாக்கால் நனைத்துக்கொண்டு சட்டத்தின் ஓரமாக மேலும் கீழுமாய் நகர்த்துவார். காற்று கசிகிற இடத்தில் தோல் சில்லென்று இருக்கும். அங்கே கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போடுவார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்துச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துச் சாத்தி, நுனியைப் பிடித்து இழுப்பார். இறுக்கிப் பிடித்தால் அந்த இடம் நலம். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கீல் தொங்கிவிட்டது. சினை மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்க்கும் மாட்டு வைத்தியர் முகம்தான் அப்போது அவருக்கு.

அம்பத்தூரில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் அவருடைய ராஜ்ஜியம். நெமிலிச்சேரியில் வீடு. அங்கிருந்து காலையில் மொபெட்டில் கிளம்பும்போது முன்னால் ஒரு பிஸ்கட் டப்பா உட்கார்ந்திருக்கும். திறந்தால் உடைந்த ஹேண்டில்கள், தேய்ந்த பூட்டு நாக்குகள், வெயிலில் காய்ந்து முறுக்கு மாதிரி ஒடிகிற ரப்பர் துண்டுகள். எதையும் தூக்கி எறிய மாட்டார். "செத்த ஹேண்டிலுக்குள்ளயும் உசுரோட ஒரு ஸ்ப்ரிங் கீதுங்க" என்பார். கழற்றிய திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டே பேசுவதால் பாதிப் பேச்சு உதட்டோரமாகத்தான் வரும். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். வேலை முடிந்தபின் தரையில் குந்திக்கொண்டு தண்ணீர் கேட்பார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம்தான் அவருக்கு அறுவடைக்காலம். நம் ஜனங்கள் வண்டிக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்த கையோடு பால்கனிக் கதவுக்கும் சந்தனம் குழைத்துச் சாவித் துவாரத்தில் அப்பிவிடுவார்கள். சந்தனம் உள்ளே காய்ந்து கல்லாகிவிடும். சாவி போகாது என்றதும் தேங்காய் எண்ணெயை ஊற்றுவார்கள். எண்ணெயில் மெட்ரோ வேலைப் புழுதி வந்து ஒட்டும். வேம்புலி குண்டூசியால் மஞ்சள் களிம்பைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "சாமிக்கு வச்சது சரி. சாமி வெளிய வர வழி இல்லாம அடைச்சிட்டீங்களே!"

இந்த வேலைக்கு அவர் தானாக வரவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்களைச் செய்கிற ஒரு கம்பெனியில் கீல் பொருத்துகிற ஆளாக இருந்தார். ஒரு நாள் அது மூடிக்கொண்டது. மகள் கிருஷ்ணப்பிரியா அப்போது நர்சிங் சேர்ந்திருந்தாள். வேம்புலி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில், மனைவி கன்னியம்மாள் யாரிடமும் கேட்காமல் பாஸ்போர்ட் எடுத்தாள். குவைத்தில் வீட்டு வேலை. அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. விமான நிலையம் போகிற வழியில், பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பெட்டியும் கையுமாக நிற்கும்போது வாய் தவறிவிட்டது.

"போறியா, போ. வான்னு நானா கூப்ட மாட்டேன்."

கன்னியம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. "நீயா கூப்டாம நானும் வர மாட்டேன்யா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு அவர் கடைகடையாக ஏறி இறங்கி, ஜன்னல் ஜன்னலாகத் தட்டித் தனக்கென்று ஒரு தொழிலை உண்டாக்கிக்கொண்டார். மகள் படிப்பை முடித்துப் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தும் விட்டாள். கன்னியம்மாள் போன காரணம் தீர்ந்துபோயிற்று. அவள்தான் திரும்பவில்லை. போன தடவை ஒப்பந்தம் முடிந்தபோது, 'இன்னும் ரெண்டு வருசம் இருக்கியா' என்று அந்த வீட்டு மேடம் கேட்டதாம். என்ன சொல்லட்டும் என்று இவரைக் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார் வேம்புலி. அந்த ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்ததை மகள்தான் பார்த்தாள். "ரெண்டு பேரும் எல்.கே.ஜி. பசங்க மாதிரி கீறீங்க. ஒருத்தராவது மிஸ்கிட்ட சொல்லுங்களேன்" என்றாள்.

தினமும் பகலில் கன்னியம்மாள் கூப்பிடுவாள். பேசுவதற்கு இருவருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் வாய்த்தது: அவள் அறையின் ஜன்னல். ரெட்டைக் கண்ணாடி போட்டது. அவள் போன நாளிலிருந்து திறக்கவே இல்லை. "உள்ள காத்தே இல்லய்யா. வெளிய ஒரு மரம் ஆடுது, சத்தம் வரமாட்டுது. ஊமப்படம் பாத்துகினு கீறேன்." அவள் போனில் கேமரா உடைந்து கிடந்தது. கண்ணால் பார்க்காத ஜன்னலுக்கு வாயால் வைத்தியம் சொல்லிச் சொல்லி வேம்புலி தோற்றுப்போனார். மேற்குச் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குக் காற்றைக் கொண்டுவந்தவருக்கு அந்த ஒரு ஜன்னல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ராத்திரியில் வெறும் கையைக் காற்றில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனூரில் பொன்னியம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தார். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மனைவி, திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் வாழ்ந்து பழகியவளுக்கு, மகன் ரயில் பாதையோரம் அடுக்குமாடியில் வீடு வாங்கி, சத்தம் கேட்கக்கூடாது என்று ரெட்டைக் கண்ணாடியும் போட்டுக் கொடுத்திருந்தான். வேம்புலி நுழையும்போது அவள் ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். கதவு ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு கோணலாகத் தொங்கியது.

"எய்யா, நல்ல நேரத்துல வந்த. விழுந்திரும் விழுந்திரும்னு காலைலேர்ந்து பிடிச்சிட்டே நிக்கேன். காப்பி கூடக் குடிக்கல பாத்துக்கோ."

"உடுங்கம்மா. உழாது."

"விட்டா?"

"உடுங்கன்றேன்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். கதவு விழவில்லை. மேல் மூலையைச் சட்டத்தோடு அழுத்தி, பக்கத்திலிருந்த சின்ன நாக்கை விரலால் உள்ளே தள்ளி, வேம்புலி ஹேண்டிலைத் திருப்பினார். கதவு சொன்ன பேச்சைக் கேட்டு நிமிர்ந்துகொண்டது. பிறகு தன் வழக்கமான பாடத்தைத் தொடங்கினார். இந்த மாதிரி ஜன்னலுக்கு மூன்று நிலை. அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்.

"ஹேண்டில் கீழ பாத்துனு இருந்தா, தூங்கு. சாத்திக்கும். பக்கத்துல படுத்துனு இருந்தா, வா. கதவு மாதிரி உள்ள தொறந்து வரும். மேல நிமிந்துனு இருந்தா, எட்டிப் பாரு. மேல்பக்கம் மட்டும் கொஞ்சூண்டு சாயும். தொறந்து கெடக்கும்போதே எட்டிப் பாருக்குப் போனா, வரதா சாயிறதான்னு தெரியாம அது பாவம் மெர்சலாயிடும்."

"தூங்கு, எட்டிப் பாரு, வா."

"எட்டிப் பாரு கடசி. நடுவுலதான் வா."

"ஒரு சன்னலத் தொறக்க இம்புட்டுப் படிப்பாய்யா?" என்று கேட்டுவிட்டு, அவள் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தாள். பால்கனிக் கதவின் பூட்டும் பாக்கி இருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டி முடிக்கும்போது வேம்புலியின் போன் அடித்தது. எடுத்தார். திரையில் ஒரு முகம் வந்தது.

கன்னியம்மாள். முன்நெற்றியில் நரை. கன்னம் ஒட்டியிருந்தது. மூக்குத்தி அதே மூக்குத்தி.

"மூஞ்சி தெரியுதா?" என்றாள். "மேடம் பழைய போனக் குடுத்திச்சி. என்னிய மடக்கறதுக்குத்தான். தெரியுதா?"

வேம்புலி வாயிலிருந்த திருகாணியை எடுத்தார். இளைச்சிட்டியே என்று வந்தது. சொன்னது வேறு.

"போனத் திருப்பு. ஜன்னலக் காட்டு."

"அடப்பாவி மனுசா! இத்தினி வருசம் கழிச்சி மூஞ்சியப் பாக்கிற, ஜன்னலக் காட்டுன்றியே. அதையா கட்டிகினு வந்த?"

பொன்னியம்மா வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேளுய்யா. இன்னிக்கே பதில் சொல்லுன்னுது மேடம். இன்னும் ரெண்டு வருசம் போடவா, டிக்கெட்டு போடவான்னு. இன்னா சொல்லட்டும்?"

"அத அப்பால பேசலாம். மொதல்ல ஹேண்டிலப் புடி."

பிறகு படம் திரும்பியது. கடைசியில் அந்த ஜன்னலை வேம்புலி பார்த்தார். பொன்னியம்மா வீட்டு ஜாதிதான். ரப்பரில் மணல் ஏறி, வெயிலில் சட்டம் உப்பிப் பூட்டை நெரித்துக்கொண்டிருந்தது. ஐயோ, இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு.

"தோள வச்சி கண்ணாடிச் சட்டத்த வெளிப்பக்கமா அழுத்து. ஹேண்டில் பக்கத்துல. இன்னும். சோறு துன்றியா இல்லியா? நல்லா அழுத்து. ஆங்... உடாத. அழுத்திகினே ஹேண்டில மெதுவா... வா."

வீடு வீடாகச் சொல்லித் தேய்ந்த சொல். வழக்கத்தில் வந்துவிட்டது. கன்னியம்மாளுக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது.

அழுத்திக்கொண்டிருந்த தோள் அசையாமல் நின்றது. "இன்னா சொன்ன?"

வேம்புலி கையிலிருந்த திருகாணியை உருட்டினார்.

"வான்னியே. என்னியவா சொன்ன?"

பொன்னியம்மாவின் கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது. வேம்புலிக்குக் காது சுட்டது. அந்நிய வீடு, அந்நியப் பெண்பிள்ளை, பூந்தமல்லி பஸ் நிலையம் எல்லாம் சேர்ந்து அவர் நாக்கைப் பிடித்துக்கொண்டன.

"ஹேண்டிலத்தான்" என்றார். "பக்கவாட்டுக்குத் திருப்புன்னேன்."

"ஓ" என்றாள் கன்னியம்மாள்.

டடக்கென்று ஒரு சத்தம். கதவு உள்ளே வந்தது. கூடவே போன் முழுக்க இரைச்சல்: காற்று, எங்கோ ஒரு லாரி, பெயர் தெரியாத பறவை. "தொறந்துகிச்சிய்யா! மரம் சத்தம் போடுது, கேக்குதா?" என்று கத்தினாள். போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். திரையில் இப்போது அவள் இல்லை; அவள் அறை இருந்தது. இரும்புக் கட்டில். கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. பூந்தமல்லியில் அவள் கையிலிருந்த அதே நீலப் பெட்டி. பாதிக்கு மேல் அடுக்கியாகிவிட்டது. மடித்த புடவைகள், அவற்றின் மேல் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. கடை விலைச்சீட்டு இன்னும் காலரில் தொங்கியது.

வேம்புலி போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

எங்கோ மணி அடித்தது. அவள் முகம் திரும்பி வந்தது. காற்றில் தலைமுடி கலைந்திருந்தது.

"மேடம் கூப்புடுது. வைக்கிறேன்." ஒரு கணம் பார்த்தாள். "அப்ப, ரெண்டு வருசம்னே சொல்லிடறேன்."

திரை கறுத்தது. உடனே திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"நான் ஒண்ணும் கேக்கலப்பா" என்றாள் பொன்னியம்மா, தலை நிமிராமல். கொஞ்சம் பொறுத்து, "சட்ட புதுசுதான் போல" என்றாள். பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வேறு நாளாக இருந்தால் வேம்புலி ஏதாவது நக்கலாகச் சொல்லியிருப்பார். இன்றைக்குத் திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். ஒன்று உருண்டு சோபாவுக்கு அடியில் போனது, குனிந்து எடுக்கவில்லை. "பூட்டு நல்லா புடிக்குதான்னு வெளிய நின்னு பாக்கணும்" என்றார், யாரும் கேட்காமலே. பால்கனிக்குப் போனார். வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினார். ரப்பர் அமுங்கியது. ஊரின் சத்தமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது.

பொன்னியம்மா வெங்காயத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஆவடிப் பக்கம் போகிற மின்ரயில் ஓசையில்லாமல் ஊர்ந்தது. வேம்புலி பூட்டைப் பார்க்கவில்லை. போனை உதட்டருகே வைத்து, குரல் பதிவுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. ரயிலின் கடைசிப் பெட்டியும் போயிற்று. பிறகு உதடுகள் அசைந்தன. சின்னதாக எதையோ சொன்னார். மறுபடி சொன்னார். இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. போன் பிடிக்காத கை தானாக நெஞ்சு உயரத்துக்கு எழுந்திருந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, சாலைக்கு எதிர்ப்புறம் நிற்கிற ஆளைக் கூப்பிடுவது போல நான்கு விரல்களும் அவரை நோக்கி மடங்கின, விரிந்தன, மடங்கின.